நாலு பக்கமும் ஒரே நேரத்தில் காது கொடுப்பது: செலக்ட், 'போல்', ஈபோல் முழு வழிகாட்டி

மலேசியாவில் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் செம்பனைக் குலை வாங்கும் ரேம்ப்புகளில் சாயங்காலம் லோரிகள் வரிசை கட்டி நிற்கும். அறுத்த குலையை ஒரு நாளைக்குள் ஆலைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். தள்ளிப்போனால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறும், விலை இறங்கும். எடை மேடையில் ஒரு லோரிக்கு அரை நிமிடம் கூடுதலாகப் போனாலும் பின்னால் ஹாரன் கேட்கும்.

எடை அறை மேசைக்கு அடியில் ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி. எடைக்காட்டியின் சீரியல் கம்பி அதில்தான் வந்து சேருகிறது. கிராணியின், அதாவது எடை அறை எழுத்தரின், விசைப்பலகையும் அதில்தான். லோரி அட்டையைப் படிக்கும் கருவி யூஎஸ்பியில். பட்டணத்து அலுவலகத்துக்கு ஒரு டிசிபி இணைப்பு. வெளியே லோரிக்காரருக்கு எடை காட்டும் பலகைக்கு இன்னோர் இணைப்பு. இவற்றில் எது எப்போது பேசும் என்று யாருக்கும் தெரியாது. ஒரே நிரல் இத்தனையையும் தவறவிடாமல் கவனிப்பது எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம். சி மொழியில் ரீட், ரைட், சாக்கெட் அளவுக்குப் பழக்கம் இருந்தால் போதும். பைத்தானில் எழுதுகிறவர்களுக்கும் விதிகள் இவையேதான், 3.4 பதிப்பில் வந்த செலக்டர்ஸ் தொகுதி இதே அழைப்புகளின் மேல் போட்ட மெல்லிய உறை.

எங்கே மாட்டிக்கொள்கிறோம்

சாதாரண ரீட் அழைப்பு, தகவல் வரும்வரை திரும்பாது. கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, நிரலைத் தூங்க வைத்துவிடும். ஒரே ஒரு மூலம் என்றால் இது நல்ல ஏற்பாடு. இரண்டு ஆனதும் சிக்கல் தொடங்குகிறது.

இந்த மாதிரி எடை அறைகளில் ஓடும் பழைய நிரல்கள் சில, முதலில் அட்டைக்குக் காத்திருக்கும், அப்புறம் எடையைப் படிக்கும். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் அட்டைக்காக நிரல் தூங்கும் நேரத்தில் எடைக்காட்டி சும்மா இருப்பதில்லை. நொடிக்குப் பல வரிகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அவை கர்னலின் பஃபரில் (தற்காலிகச் சேமிப்பிடத்தில்) வரிசையாகச் சேருகின்றன. லோரி ஏறி, அட்டை காட்டி, நிரல் எழுந்து படிக்கும் முதல் வரி எது? பஃபரில் இருப்பதிலேயே பழையது. அதாவது லோரி ஏறுவதற்கு முன்பு, மேடை காலியாக இருந்தபோது வந்த பூஜ்யம். கிராணி "மறுபடி அழுத்துங்கண்ணே" என்பார், இரண்டு மூன்று தடவை அழுத்தியதும் 'சரியாகிவிடும்'. எடைக்காட்டியில் குற்றமே இல்லை. அதைக் கேட்க வேண்டிய நேரத்தில் நிரல் வேறு இடத்தில் தூங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இதற்கு இரண்டு குறுக்கு வழிகள் உண்டு. எல்லாவற்றையும் நான்பிளாக்கிங் ஆக்கி (தகவல் இல்லாவிட்டால் காத்திருக்காமல் உடனே திரும்பும்படி வைத்து), ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, நடுவில் 50 மில்லிசெகண்ட் தூங்குவது ஒன்று. வேலை நடக்கும், ஆனால் யாரும் பேசாத ராத்திரியிலும் நொடிக்கு 20 தடவை வீணாக எழுந்திருக்கும். பேசும்போதோ 50 மில்லிசெகண்ட் வரை தாமதம். மற்றது, மூலத்துக்கு ஒரு த்ரெட், அதாவது நிரலுக்குள்ளேயே தனியாக ஓடும் இழை. இதை நான் கேவலமாகச் சொல்ல மாட்டேன், பல இடங்களில் அது போதும். ஆனால் எடை, அட்டை, கிராணி தட்டிய எண் மூன்றும் ஒரே ரசீதில் சேர வேண்டும். அங்கே பூட்டு போட வேண்டியிருக்கிறது. ரீட்டில் தூங்கும் த்ரெட்டை நிரலை மூடும்போது சுத்தமாக எழுப்புவதும் லேசான காரியமில்லை.

மூன்றாவது வழிதான் நமக்கு வேண்டியது: "இந்த ஐந்தில் எதில் வேலை இருந்தாலும் என்னை எழுப்பு" என்று கர்னலிடமே சொல்லிவிட்டுத் தூங்குவது. செலக்ட், 'போல்', ஈபோல் மூன்றும் அப்படிச் சொல்வதற்கான அழைப்புகள்.

படி 1: எல்லாவற்றையும் டிஸ்கிரிப்டர் ஆக்குங்கள், நான்பிளாக்கிங் ஆக்குங்கள்

சீரியல் போர்ட், விசைப்பலகை, சாக்கெட் எல்லாம் யூனிக்ஸில் ஃபைல் டிஸ்கிரிப்டர்கள், அதாவது வெறும் முழு எண்கள். அட்டைக் கருவியில் மட்டும் ஒரு வேடிக்கை. விலை குறைந்த கருவிகள் பெரும்பாலும் தம்மை இன்னொரு விசைப்பலகை என்றே சொல்லிக்கொள்ளும். லோரிக்காரர் அட்டையைக் காட்டினால், கிராணி பெயர் தட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் பத்து இலக்கம் வந்து விழும். லினக்ஸில் அந்தக் கருவியின் இன்புட் ஈவென்ட் கோப்பை நேரடியாகத் திறந்து, ஈவிஐஓசிகிராப் என்ற ஐஆக்டில் (சாதனத்துக்குக் கட்டளை கொடுக்கும் அழைப்பு) மூலம் நம் நிரலுக்கு மட்டும் என்று பிடித்துக்கொள்ளலாம். பிறகு அது தனி டிஸ்கிரிப்டர், தனிக் கணக்கு.

திறந்த ஒவ்வொன்றுக்கும் ஓ-நான்பிளாக் கொடியைப் போடுங்கள். "தயார் என்று கர்னல் சொன்ன பிறகுதானே படிக்கப் போகிறேன், இது எதற்கு?" என்று தோன்றும். தயார் என்பது வாக்குறுதி இல்லை, ஒரு குறிப்பு மட்டுமே. யூடிபி பாக்கெட் வந்ததும் 'படிக்கலாம்' என்று சொல்லிவிட்டு, ரீட் வரும்போது செக்சம் தவறு என்று கர்னல் அதைத் தூக்கி எறிந்துவிடலாம். அப்போது நான்பிளாக்கிங் இல்லாத ரீட் அங்கேயே உட்கார்ந்துவிடும், மற்ற நாலும் காத்துக் கிடக்கும். கொடி இருந்தால் ஈஅகெய்ன் ('இப்போது ஒன்றுமில்லை, பிறகு வா') பிழை வரும்; பரவாயில்லை என்று அடுத்ததற்குப் போகலாம்.

சீரியல் போர்ட்டுக்கு இன்னொரு அமைப்பும் தேவை. ரா முறையில் (வந்த பைட்டுகளை மாற்றாமல் தரும் முறை) விமின் (குறைந்தபட்ச பைட் எண்ணிக்கை) 1, விடைம் (காத்திருக்கும் நேரம்) 0 என்று வையுங்கள். விமினை 18 என்று வைத்தால், லினக்ஸில் 18 பைட் சேரும்வரை 'படிக்கலாம்' என்ற செய்தியே வராது.

படி 2: எந்த அழைப்பு?

செலக்ட் 1983இல் 4.2 பிஎஸ்டியோடு வந்தது. டிஸ்கிரிப்டர்களை பிட் வரிசையாகக் கொடுக்க வேண்டும். முதல் அளவுரு 'மிகப் பெரிய டிஸ்கிரிப்டர் + 1'. திரும்பும்போது நாம் கொடுத்த வரிசையையே மாற்றி எழுதிவிடும், ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக நிரப்ப வேண்டும். லினக்ஸில் டைம்அவுட் மதிப்பையும் குறைத்து எழுதும். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது 1024 என்ற எல்லை. டிஸ்கிரிப்டர் எண் 1024ஐத் தொட்டால், எஃப்டி-செட் என்ற அந்த பிட் வரிசைக்கு வெளியே போய் நினைவகத்தில் எழுதும். எத்தனை மூலம் என்பதல்ல கணக்கு, எண் எவ்வளவு என்பதுதான். மூன்றே சாக்கெட்டைக் கவனிக்கும் நிரலும் வேறு ஆயிரம் கோப்பைத் திறந்து வைத்திருந்தால் மாட்டிக்கொள்ளும். புது நிரலில் செலக்டைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து.

'போல்' யூனிக்ஸ் சிஸ்டம் 5 வழியில் வந்தது. ஒவ்வொரு மூலத்துக்கும் மூன்று புலம்: டிஸ்கிரிப்டர், நாம் கேட்பது (ஈவென்ட்ஸ்), கர்னல் பதில் சொல்வது (ரெவென்ட்ஸ்). கேள்வியும் பதிலும் தனித்தனி என்பதால் பட்டியலை மறுபடி கட்ட வேண்டியதில்லை. 1024 எல்லையும் இல்லை. டிஸ்கிரிப்டர் இடத்தில் -1 போட்டால் அந்த உறுப்பைக் கண்டுகொள்ளாது. இது பின்னால் உதவும்.

ஈபோல் லினக்ஸுக்கு மட்டும் உரியது. 2002இல் 2.5 வளர்ச்சிப் பதிப்பில் நுழைந்து 2.6இல் எல்லோருக்கும் கிடைத்தது. செலக்டும் 'போல்'லும் தோட்டத்துக் காலைப் பெரட்டு மாதிரி: தினமும் மொத்தப் பெயரையும் கூப்பிட்டாக வேண்டும், வந்தவர் இரண்டே பேர் ஆனாலும். ஈபோலில் பெயர்ப் பதிவு ஒரு தடவைதான். பிறகு வேலை இருப்பவர் பட்டியல் மட்டும் கைக்கு வரும். பத்தாயிரம் இணைப்பில் நூறு பேசும் சர்வருக்கு இது பெரிய வித்தியாசம். ஐந்து கம்பிக்கு? வித்தியாசம் ஒன்றுமே தெரியாது.

எடை அறைக்கு 'போல்' போதும். முதலில் அதையே எழுதுவோம்.

படி 3: சுற்று

    முடிவின்றித் திரும்பத் திரும்ப:
        நேரம் = அடுத்த கெடுவுக்கு மீதமுள்ள மில்லிசெகண்ட்
        'போல்' (பட்டியல், எண்ணிக்கை, நேரம்)
        ஈஇன்டிஆர் பிழை (சிக்னல் குறுக்கிட்டது) வந்தால் மேலே போ
        கெடு தாண்டிய வேலைகளைச் செய்
        பட்டியலில் ஒவ்வொன்றுக்கும்:
            ரெவென்ட்ஸ் 0 என்றால் விட்டுவிடு
            படிக்கலாம், துண்டிப்பு, பிழை: படிக்கும் வேலை
            எழுதலாம்: எழுதும் வேலை
        மூடக் குறித்தவற்றைக் கடைசியில் மூடு

துண்டிப்பையும் பிழையையும் படிக்கும் வேலையிடமே அனுப்பியிருப்பதைக் கவனியுங்கள். அவற்றை நாம் கேட்காவிட்டாலும் கர்னல் சொல்லும். மறுமுனை மூடினாலும் கடைசியாக அது அனுப்பிய பைட்டுகள் பஃபரில் இருக்கலாம். துண்டிப்பு என்றதும் மூடிவிட்டால் அவை போய்விடும். படியுங்கள், ரீட் 0 தந்தாலோ உண்மையான பிழை தந்தாலோ அப்போது மூடலாம். ரெவென்ட்ஸில் என்வேல் வந்தால் மட்டும் கதை வேறு: மூடிய டிஸ்கிரிப்டரைப் பட்டியலில் விட்டு வைத்திருக்கிறீர்கள்.

மூடுவதைக் கடைசிக்குத் தள்ளியதற்கும் காரணம் உண்டு. நடுவில் 7ஆம் எண்ணை மூடினால், அதே சுற்றில் ஏற்கும் புது இணைப்புக்கு அதே 7 கிடைக்கலாம். பழைய 7க்கு வந்த பதிலைப் புது 7இன் தலையில் கட்டிவிடுவீர்கள்.

படி 4: படிப்பது, அதாவது அரை வரியைச் சமாளிப்பது

இந்த வழிகாட்டியில் எதையாவது நிதானமாகப் படிப்பதென்றால் இந்தப் பகுதியைப் படியுங்கள். எடைக்காட்டிகள் பல இப்படி ஒரு வரி அனுப்பும்: முதலில் நிலை (நின்ற எடைக்கு எஸ்டி, ஆடும் எடைக்கு யூஎஸ்), அப்புறம் மொத்தமா நிகரமா என்ற குறி, அப்புறம் எண், கிலோ, வரி முடிவு. 9600 பாட் வேகத்தில் நொடிக்கு சுமார் 960 எழுத்து. 18 எழுத்து வரி வந்து முடிய 19 மில்லிசெகண்ட் ஆகும். கணினிக்கு அது யுகம். முதல் சில பைட்டுகள் வந்ததுமே 'போல்' எழுப்பிவிடும். ரீட் செய்தால் கையில் கிடைப்பது "எஸ்டி, மொத்தம், 12". மீதி "340 கிலோ" இன்னும் கம்பியில் வந்துகொண்டிருக்கிறது. கிடைத்ததை அப்படியே எடையாக எடுத்துக்கொண்டால் 12 டன் லோரிக்கு 12 கிலோ என்று ரசீது அடிக்கும்.

'படிக்கலாம்' என்றால் ஒரு பைட்டாவது இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். ஒரு செய்தி முழுசாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஆகவே மூலத்துக்கு ஒரு பஃபர் வைத்துக்கொள்ளுங்கள். வந்ததை அதன் கடைசியில் ஒட்டுங்கள். வரி முடிவு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதுவரை எடுத்துச் செயல்படுங்கள், மீதியை முன்னுக்கு நகர்த்துங்கள். ஒரே ரீட்டில் மூன்றரை வரியும் வரலாம், எனவே தேடல் ஒரு சுற்றாக இருக்க வேண்டும். வரி முடிவே வராமல் பஃபர் நிரம்பினால் குப்பை என்று கொட்டிவிட்டு அடுத்த வரி முடிவிலிருந்து தொடங்குங்கள். பாட் வேகம் தவறாக வைத்த கம்பி அப்படித்தான் பேசும். எடையைப் பொறுத்தவரை கடைசி வரியையும் அது வந்த நேரத்தையும் மட்டும் வைத்துக்கொண்டால் போதும். அட்டை வந்ததும், அதற்குப் பின் வந்த முதல் எஸ்டி வரியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நிரலின் பூஜ்யக் கதை இங்கே முடிகிறது.

இந்த இடத்தில் வரி வரியாகப் படிக்கும் எஃப்கெட்ஸ் மாதிரியான நூலக அழைப்பைக் கலக்காதீர்கள். அது உள்ளுக்குள் தன் சொந்த பஃபரில் இரண்டு வரியைச் சேர்த்து இழுத்துவிட்டு உங்களுக்கு ஒன்றைத் தரும். இரண்டாவது வரி அதன் வயிற்றில். கர்னலிடம் ஒன்றும் இல்லை, ஆகவே 'போல்' தூங்கும். கிராணி அடுத்த விசையைத் தட்டும்போது முந்தைய வரி வெளியே வரும். மறையாக்கம் செய்யும் டிஎல்எஸ் இணைப்பிலும் இதே பொறிதான்: அதற்கான நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல் அவிழ்த்து வைத்த மீதி இருக்கிறதா என்று எஸ்எஸ்எல்-பெண்டிங் மூலம் கேட்டுவிட்டே தூங்கப் போங்கள்.

படி 5: எழுதுவது

'எழுதலாமா' என்ற கேள்வியை எப்போதும் போட்டு வைக்காதீர்கள். சாக்கெட்டில் கிட்டத்தட்ட எந்நேரமும் எழுதலாம். 'போல்' உடனே திரும்பும், மறுபடி உடனே திரும்பும், சிபியூ 100 சதவீதம் எகிறும். நேராக ரைட் செய்து பாருங்கள். 400 பைட் கொடுத்து 150 போனது என்று பதில் வந்தால் மீதி 250ஐ வெளியேறும் பஃபரில் வைத்து, அப்போது மட்டும் 'எழுதலாமா' என்று கேளுங்கள். பஃபர் காலியானதும் கேள்வியை எடுத்துவிடுங்கள்.

அலுவலகம் வாங்காமலே இருந்தால் அந்த பஃபர் வளர்ந்துகொண்டே போகும். அதற்கு ஓர் எல்லை வேண்டும். எடைப் பலகைக்கு என்றால் பழையதைக் கொட்டலாம், புது எடைதான் முக்கியம். ரசீதுக்கு அப்படிச் செய்ய முடியாது. வட்டில் எழுதி வைத்து இணைப்பு திரும்பியதும் அனுப்ப வேண்டும். இந்த முடிவை எந்த நூலகமும் உங்களுக்காக எடுக்காது. மறுமுனை மூடிய சாக்கெட்டில் எழுதினால் சிக்பைப் சிக்னல் நிரலையே கொன்றுவிடும். தொடக்கத்திலேயே அதைப் புறக்கணித்துவிடுங்கள்.

படி 6: நேரம்

டைம்அவுட் -1 என்றால் எத்தனை நேரமானாலும் தூங்கும், 0 என்றால் பார்த்துவிட்டு உடனே திரும்பும். நடுவில் உள்ளதை அடுத்த கெடுவிலிருந்து கணக்கிடுங்கள், மோனோடோனிக் (பின்னோக்கிப் போகாத) கடிகாரத்தை வைத்து. சுவர்க் கடிகாரத்தை என்டிபி (இணையம் வழி நேரம் சரிசெய்யும் நெறிமுறை) முன்னும் பின்னும் தள்ளும். மில்லிசெகண்டை மேல்நோக்கி முழுமையாக்குங்கள், 0.4ஐ 0 ஆக்கினால் கெடு வரும்வரை சுற்று வீணாகச் சுழலும்.

நேரம் இல்லாமல் முடியாத வேலை ஒன்று உண்டு. தோட்டப் பக்கம் இணையக் கம்பி மழையில் அறுந்தால் டிசிபி சாக்கெட் ஒன்றுமே சொல்லாது. துண்டிப்பு என்ற செய்தி அனுப்ப மறுமுனையால் முடியவில்லையே. நாம் எதுவும் அனுப்பாத வரை அந்த மௌனம் நீடிக்கும். லினக்ஸின் கீப்அலைவ் (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் வசதி) முன்னிருப்பாக அணைந்திருக்கும், போட்டாலும் முதல் சோதனைக்கு 2 மணி நேரம். அனுப்பினால்கூட மறு அனுப்பல்கள் சலித்துப்போய்ப் பிழை வர கால் மணி நேரம் ஆகலாம். 20 விநாடிக்கு ஒரு உயிர்த்துடிப்புச் செய்தி, 60 விநாடி பதில் இல்லையென்றால் மூடு என்று நீங்களே கெடு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: நிறுத்துவதும், பிடுங்குவதும்

'நிறுத்து' என்ற மாறியைச் சிக்னல் வேலையில் 1 ஆக்கி, சுற்றின் தலையில் பார்ப்பது பலர் எழுதும் முறை. பார்த்த பிறகு, 'போல்' தூங்குவதற்கு முன்னால் உள்ள இடுக்கில் சிக்னல் வந்தால்? நிரல் தூங்கிவிடும். பிபோல் அழைப்பு சிக்னல் மாஸ்க்கை (எந்தச் சிக்னல்களைத் தடுப்பது என்ற பட்டியலை) மாற்றுவதையும் தூங்குவதையும் பிரிக்க முடியாத ஒரே செயலாகச் செய்யும். லினக்ஸில் சிக்னல்எஃப்டி இன்னும் வசதி, சிக்னலே ஒரு டிஸ்கிரிப்டர் ஆகிவிடும். எல்லா யூனிக்ஸிலும் ஓட வேண்டுமென்றால் ஒரு பைப் திறந்து, சிக்னல் வந்ததும் அதில் ஒரு பைட் எழுதுங்கள்.

யூஎஸ்பி சீரியல் கம்பியை யாராவது காலால் இழுத்தால் துண்டிப்பு வரும், மூடாத வரை ஒவ்வொரு சுற்றிலும் வரும். மூடி, அந்த உறுப்பில் -1 போட்டு, சில விநாடி கழித்து மறுபடி திறக்கும் கெடு ஒன்றை வையுங்கள். மறுபடி செருகும்போது சாதனப் பெயர் மாறக்கூடும், ஆகவே யூடெவ் (லினக்ஸில் சாதனங்களுக்குப் பெயரிடும் அமைப்பு) விதியால் நிலையான பெயர் கொடுத்துவிடுங்கள்.

எதற்குக் காத்திருக்க முடியாது

வட்டுக் கோப்பு செலக்டுக்கும் 'போல்'லுக்கும் எப்போதும் தயார். ஈபோலில் சேர்க்கப் போனால் ஈபெர்ம் பிழை. ஆனால் எஸ்டி மெமரி கார்டில் எஃப்சிங்க் (எழுதியதை உறுதியாகப் பதிக்கும் அழைப்பு) செய்தால் நிரல் நிஜமாகவே நிற்கும். பெயரை ஐபி முகவரியாக்கும் கெட்அட்ரின்ஃபோ அதைவிட மோசம். கம்பி அறுந்த நாளில் பல விநாடி நிற்கும், அத்தனை நேரமும் எடை வராது. இந்த இரண்டையும் ஒரு தனி த்ரெட்டில் விட்டு, முடிந்ததும் ஈவென்ட்எஃப்டி என்ற டிஸ்கிரிப்டர் வழியாகச் சுற்றை எழுப்பச் சொல்லுங்கள். வட்டையும் சேர்த்து ஒரே இடத்தில் கவனிக்க 2019இல் லினக்ஸ் 5.1இல் வந்த ஐஓ-யூரிங் இருக்கிறது. அது 'தயார்' என்று சொல்வதில்லை, 'முடித்துவிட்டேன்' என்று சொல்லும். அது தனி வழிகாட்டிக்கான சமாச்சாரம்.

எப்போது ஈபோலுக்கு மாறுவது

பல ரேம்ப்புகளின் எடையைச் சேர்க்கும் பட்டணத்து சர்வரில், இணைப்புகள் நூற்றுக்கணக்கில் சும்மா திறந்து கிடக்கும்போது. வேலை மூன்று அழைப்பு: உருவாக்கு, பதிவு செய், காத்திரு. படி 3 முதல் 7 வரை சொன்னவை, -1 போடும் உத்தி தவிர, பெரும்பாலும் மாறாது. புதிதாக வருவது மூன்று பொறி.

ஒன்று, எட்ஜ் முறை. முன்னிருப்பு லெவல் முறையில், தகவல் மீதி இருக்கும்வரை மறுபடி மறுபடி சொல்லும். எட்ஜில் புதிதாக ஏதாவது வந்தால்தான் சொல்லும். ஈஅகெய்ன் வரும்வரை படித்துத் தீர்க்காவிட்டால் மீதி அங்கேயே கிடக்கும். லெவலில் தொடங்குங்கள். அளந்து பார்த்துத் தேவைப்பட்டால் மட்டும் மாற்றுங்கள்.

இரண்டு, டூப் செய்த (நகலெடுத்த) டிஸ்கிரிப்டர். ஒரு நகலை மூடினாலும் இன்னொரு நகல் திறந்திருந்தால் பதிவு நீங்காது, மூடிய எண்ணின் பெயரில் செய்தி வரும். மூடுவதற்கு முன் பதிவை நீங்களே நீக்குங்கள்.

மூன்று ஈபோலுக்கு மட்டுமானதல்ல, ஆனால் இங்கேதான் கடிக்கும்: டிஸ்கிரிப்டர்கள் தீர்ந்தால் அக்செப்ட், ஈஎம்ஃபைல் பிழை தரும். வரிசையில் நிற்கும் இணைப்பு அப்படியே இருப்பதால் சுற்று ஓயாமல் எழும். டெவ்-நல் கோப்பை முன்கூட்டியே திறந்து ஓர் எண்ணைக் கையில் வையுங்கள். பிழை வந்தால் அதை மூடி, இணைப்பை ஏற்று, உடனே மூடி, எண்ணை மறுபடி பிடித்துக்கொள்ளுங்கள்.

சோதிப்பது

எடை மேடை இல்லாமலே எல்லாவற்றையும் வீட்டில் சோதிக்கலாம். சோகேட் கருவி போலி சீரியல் ஜோடி ஒன்றை உருவாக்கித் தரும். ஒரு முனையில் நிரல். மறுமுனையில் எடை வரியை ஒவ்வொரு பைட்டாக, நடுவில் அரை விநாடி விட்டு அனுப்புங்கள். அப்புறம் ஐந்து வரியை ஒரே மூச்சில் அனுப்புங்கள். சோகேட்டைக் கொன்று பாருங்கள், கம்பி பிடுங்கியதற்குச் சமம். அலுவலகப் பக்க நிரலைச் சிக்ஸ்டாப் சிக்னலால் உறைய வைத்து, உங்கள் வெளியேறும் பஃபர் எல்லையைத் தொடும்வரை ரசீது அனுப்புங்கள். அந்த நேரத்திலும் பலகையில் எடை ஓடுகிறதா என்று பாருங்கள். கடைசியாக எதுவும் பேசாத நிலையில் ஸ்ட்ரேஸ் (நிரலின் கர்னல் அழைப்புகளை அச்சிடும் கருவி) போட்டுப் பாருங்கள். உயிர்த்துடிப்புக்கு 20 விநாடிக்கு ஒரு தடவை எழுந்தால் சரி. திரை நிற்காமல் ஓடினால் படி 5இலோ படி 7இலோ ஏதோ ஒன்றை விட்டுவிட்டீர்கள். எந்த டிஸ்கிரிப்டர் எண், எந்த ரெவென்ட்ஸ் என்பது அந்த வரியிலேயே அச்சாகியிருக்கும்.